கம்பியில்லாத் தொடர்பியல் பொறியியல் (முதுநிலைப் படிப்பு)

மின்காந்த அலைகளின் வழியே குரலையும் தரவையும் கொண்டு சேர்க்கும் அமைப்புகளை வடிவமைக்கவும், அளந்து சோதிக்கவும் கற்றுத்தரும் துறை கம்பியில்லாத் தொடர்பியல் பொறியியல். இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் எம்.இ., எம்.டெக்., எம்.எஸ். பட்டங்களுக்காக இதைப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிண்டி பொறியியல் கல்லூரியின் எம்.இ. தொடர்பியல் அமைப்புகள் படிப்பும், சென்னை ஐ.ஐ.டி. மின்பொறியியல் துறையின் முதுநிலைப் படிப்புகளும் இத்துறையில் பெயர் பெற்றவை. எம்.இ., எம்.டெக். படிப்புகள் இரண்டு ஆண்டுகள். இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி ஆய்வுத் திட்டத்துக்குப் போய்விடும்.

சேனல்

டவருக்கும் கைபேசிக்கும் இடையே அலை கடந்து வரும் பாதையைச் சேனல் என்கிறார்கள். படிப்பின் மையம் அதுதான். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னலின் திறன் நான்கில் ஒரு பங்காகும். தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொண்டால், தொலைவில் அது பதினாறில் ஒரு பங்காகவே சரியும். நகரத்தில் கட்டடங்களில் மோதிய அலைகள் பல வழிகளில் வந்து சேர்வதால், ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். அருகிலேயே ஒன்றையொன்று அழிக்கும். 5ஜிக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் ஏறக்குறைய 4.3 செ.மீ. கைபேசியை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே சிக்னல் ஆயிரத்தில் ஒரு பங்காக விழக்கூடும்.

இந்த ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவைக் கொண்டே கையாள முடியும். அதனால்தான் ‘ரேண்டம் பிராசஸ்’ பாடம் முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது. மாணவர்கள் மிகவும் அஞ்சும் பாடமும் அதுவே. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளமும் அதுவே. கணக்கோடு கள அளவீடும் சேர்ந்தே இத்துறை வளர்ந்தது. டோக்கியோ பகுதியில் பல இடங்களில் சிக்னலை அளந்து ஒக்குமுரா 1968இல் வரைபடங்களாக வெளியிட்டார். ஹாட்டா 1980இல் அவற்றைச் சூத்திரமாக்கினார். அந்தச் சூத்திரம் இன்றும் பாடத்தில் இருக்கிறது.

எதிரொலியும் பிழையும்

4ஜியில் தரவு, 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட நூற்றுக்கணக்கான துணை அலைகளில் பிரித்து அனுப்பப்படுகிறது. ஒரு தடவையில் அனுப்பப்படும் தரவுத் துண்டுக்குச் சிம்பல் என்று பெயர். ஒவ்வொரு சிம்பலுக்கும் முன்னால் அதன் கடைசிப் பகுதியின் நகல் ஒன்று, சுமார் 4.7 மைக்ரோ நொடி நீளத்துக்கு, ஒட்டப்படுகிறது. அந்த நேரத்தில் அலை 1.4 கி.மீ. பயணம் செய்யும். நேர்வழியைவிட அவ்வளவு தூரம் சுற்றி வரும் எதிரொலியும் அடுத்த சிம்பலைக் கெடுக்காது. இந்தக் கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு, தர நிர்ணய ஆவணங்களில் இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கிவிடும்.

ஒரு சேனலில் பிழையின்றி எவ்வளவு தரவு அனுப்பலாம் என்ற எல்லையை ஷானன் 1948இல் வகுத்தார். அதை நெருங்கும், பிழை திருத்தும் எல்.டி.பி.சி. குறியீட்டை எம்.ஐ.டி.யில் தம் முனைவர் ஆய்வில் ராபர்ட் கேலகர் 1960களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அன்றைய கருவிகளால் அதை இயக்க முடியாததால் முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் கிடப்பில் கிடந்தது. இன்று 5ஜியின் தரவு அதில்தான் போகிறது. 4ஜி, 5ஜி எனத் தலைமுறைப் பெயர் தாங்கிய விருப்பப் பாடங்கள் பத்தாண்டில் பழசாகிவிடும். குறியீட்டியலில் செலவிட்ட உழைப்புக்கு அந்தக் கதி இல்லை.

பல ஆன்டெனாக்கள்

பலவழி அலைகளைத் தொல்லையாகவே பார்த்த காலத்தில், அவற்றையே தனித்தனிப் பாதைகளாக்கி பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல தரவோடைகளை அனுப்பலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலத்துடன் சேர்ந்து 1992இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994இல் கிடைத்தது. 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். மைமோ எனப்படும் இந்த முறை இன்றைய வைஃபையிலும் 4ஜி, 5ஜியிலும் இருக்கிறது.

ஆய்வகம்

ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் −100 டிபிஎம் என்று தெரிவது, ஒரு வாட்டின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நலிந்த சிக்னலிலிருந்தும் செய்தியை மீட்க முடியும் என்பதைக் கண்ணால் பார்ப்பது பாடப்புத்தகத்தால் தர முடியாத அனுபவம். மென்பொருள் ரேடியோ பலகைகள் விலை குறைந்துவிட்ட பிறகும் சிமுலேஷனோடு நின்றுவிடும் கல்லூரிகள், மாணவருக்குப் பாதிப் படிப்பையே தருகின்றன.

இந்தியப் பங்களிப்பு

சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு 1990களில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற அமைப்பு, வீட்டுத் தொலைபேசியையும் இணையத்தையும் கம்பியில்லாமல் கொடுத்தது. அதே நிறுவனம் தலைமையேற்று, பிற உயர்கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதம் தொடங்கப்பட்டது. ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் நாட்டுப்புறத்துக்கு, 6 கி.மீ. இடைவெளியில் நிற்கும் டவர்களே போதுமா என்ற சோதனைச் சூழல், இந்தியாவின் முயற்சியால் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 5ஜி மதிப்பீட்டு விதிகளில் இடம்பெற்றது.