சூடு பழசு, பார்வை புதுசு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரிந்த கதைதான். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோடு எங்கே விழுந்தால் என்ன, பெரிய நோய் என்றால் இரண்டு பக்கத்துத் தமிழரும் பஸ் ஏறுவது திருவனந்தபுரத்துக்கு. 1951-ல் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது, 1981-ல் மண்டலப் புற்றுநோய் மையம்.

ஈரலில் கட்டி என்றதும் டாக்டர்கள் சொல்லும் வழிகளில் ஒன்று, ஊசி குத்திச் சூட்டால் பொசுக்குவது. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு இதைக் கேட்டால் பகீர் என்கிறது. மஞ்சள் காமாலைக்குச் சூடு போடுகிற பழக்கம் நம் கிராமங்களில் இருந்ததுதானே! ஆனால் அந்தச் சூடு தோலோடு நின்றுவிடும், ஈரலுக்குப் போகாது.

இந்தச் சூட்டின் வரலாறு வேறு. வேகமாகத் திசை மாறும் மின்சாரம் தசையை உலுக்காமல் உடம்பைச் சூடாக்கும் என்று 1891-ல் பிரான்சின் தார்சொன்வால் காட்டினார். 1926-ல் பாஸ்டனில் ஹார்வி குஷிங், போவி செய்த மின்கருவியை மூளை அறுவையில் பயன்படுத்தினார். ஆனால் வயிற்றைத் திறக்காமல் ஈரலுக்குள் சூட்டைக் கொண்டுபோக இன்னும் அறுபது வருடம் ஆனது. சூடு கையில் இருந்தது, உள்ளே பார்க்கக் கண் இல்லை. அல்ட்ராசவுண்ட் அந்தக் கண்ணைக் கொடுத்தது. 1990-ல் இத்தாலியில் ரோஸ்ஸியும் அமெரிக்காவில் மக்கஹனும் தனித்தனியே, நுனி தவிர மற்ற பாகம் உறையிட்ட ஊசியை விலங்கின் ஈரலில் செலுத்திக் காட்டினார்கள். பிறகு மனிதருக்கும் வந்தது.

ஊசிமுனையைச் சுற்றி 60 டிகிரியைத் தாண்டினால் செல்கள் உடனே சாகும். 100-ஐத் தாண்டினால் திசு கருகி மின்சாரத்தைத் தடுத்துவிடும். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால் அது சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இனி நம் வங்கிக் கணக்கு :-) 3 செ.மீ. கட்டி 5 செ.மீ. ஆனால் கன அளவு நாலரை மடங்குக்கு மேல். வட்டிக்கு வட்டி மாதிரி! இந்தச் சிகிச்சை நன்றாகக் கேட்பது 3 செ.மீ.க்குள் இருக்கும்போதுதான். அந்த அளவில் வலி பெரும்பாலும் இருக்காது, ஸ்கேனில்தான் தெரியும்.

அதனால், உங்கள் அப்பா அம்மாவுக்கு ஈரல் சுருக்கநோய் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் அவசியம். ஹெபடைடிஸ் பி நாள்பட இருந்தால் ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டபிறகு, "கடைசி ஸ்கேன் எப்போ?" என்றும் கேட்டுவிடுங்கள்.