ஸ்பார்ட்டரும் தீப்ஸின் புனிதப் படையும்

போர்க்களத்தில் எதிர்நின்ற இரு சிறப்புப் படைகளுள் எது சிறந்தது என்னும் வினா வரலாறு கற்பார் உள்ளத்தில் இயல்பாகவே எழுவதாகும். வென்றது எதுவோ அதுவே சிறந்தது என்று விடை கூறுவார் உளர். ஆனால் வெற்றி ஒரு நாளின் விளைவு. படையோ பல்லாண்டு முயற்சியின் பயன். ஆதலின் ஒரு படையின் போராற்றலை அளக்கப் புகுவார் களத்தை மட்டுமன்றி, அப்படையை ஈன்ற நாட்டையும் நோக்குதல் வேண்டும். கி. மு. நான்காம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டரும் தீப்ஸ் நகரத்தாரும் பொருத வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமகன் வாழ்நாள் முழுதும் போர்வீரன். ஏழாம் வயதில் வீட்டினின்றும் பிரிந்து அரசின் பயிற்சிக்கு உட்படுவான். வளர்ந்தபின் தோழரோடு பொதுப் பந்தியில் உண்பான். உழவும் கைத்தொழிலும் அவனுக்கு விலக்கு. அவனது நிலத்தை உழுது அவனுக்கு உணவளித்தோர் ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமை மக்களே. ஏனைய கிரேக்க நகரங்களின் வீரர் உழவராயும் வணிகராயும் இருந்து, போர் வந்துழி மட்டும் படைக்கலம் ஏந்தினர். குழலிசைக்கு ஏற்ப அடிபெயர்த்து, அணி குலையாது முன்னேறும் ஸ்பார்ட்டரைக் கண்டு அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

கி. மு. 382 இல் ஸ்பார்ட்டர் தீப்ஸின் கோட்டையை வஞ்சகமாய்க் கைப்பற்றினர். கி. மு. 379 இல் பெலோப்பிடாஸ் முதலானோர் நகரை மீட்டனர். அதனையடுத்துக் கோர்கிடாஸ் என்பான் முந்நூறு வீரரைத் தெரிந்தெடுத்து அமைத்ததே புனிதப் படை எனப்படுவது. அவர்கள் அரசின் செலவில் கோட்டையிலே தங்கிப் பயின்றனர். அன்பாற் பிணைந்த நூற்றைம்பது இணைகளாய் அவர்கள் நின்றனர் என்பது மரபு.

தொடக்கத்தில் இவ்வீரர் முழுப்படையின் முன்வரிசைகளிற் பரப்பி நிறுத்தப்பட்டனர். அதனால் அவர்தம் ஆற்றல் தனித்து விளங்கவில்லை. கி. மு. 375 இல் தெகைரா என்னுமிடத்தில், பெலோப்பிடாஸ் அவர்களை ஒரே திரளாகச் செலுத்தித் தம்மினும் மிக்க தொகையினரான ஸ்பார்ட்டப் படையைச் சிதறடித்தான். வீரர் அவரே, பயன்படுத்திய முறையே மாறியது.

கி. மு. 371 இல் லியூக்திராக் களத்தில் இவ்வுண்மை மேலும் தெளிவாயிற்று. சிறந்த வீரரை வலப்புறத்தில் நிறுத்துதல் கிரேக்கர் வழக்கு. தீப்ஸின் தளபதி எப்பமினொண்டாஸ் அவ்வழக்கை மாற்றித் தன் இடப்புறத்தை ஐம்பது வரிசை ஆழமாக்கி, ஏனைய அணிகளைச் சற்றே பின்னிறுத்தினான். ஸ்பார்ட்டரின் ஆழமோ பன்னிரண்டு வரிசையே. பெலோப்பிடாஸ் தன் முந்நூற்றுவரோடு விரைந்து தாக்கினான். ஸ்பார்ட்ட மன்னன் கிளியோம்புரோட்டஸ் வீழ்ந்தான். களத்தில் நின்ற எழுநூறு ஸ்பார்ட்டக் குடிமக்களுள் ஏறத்தாழ நானூற்றுவர் மாண்டனர் எனச் செனபன் உரைப்பார்.

நானூறு என்னும் எண் சிறிதாகத் தோன்றலாம். ஆயின் கி. மு. 479 இல் பிளாத்தியாப் போருக்கு ஐயாயிரம் குடிமக்களை அனுப்பிய ஸ்பார்ட்டாவில், அரிஸ்டோட்டில் காலத்தே அத்தொகை ஆயிரத்தையும் எட்டவில்லை. நிலம் சிலர் கையிற் குவிந்தது. பொதுப் பந்திக்குரிய பங்கைச் செலுத்த இயலாதோர் குடியுரிமை இழந்தனர். அயலாரைக் குடிகளாக ஏற்கும் வழக்கமும் அரிதாயிற்று. எனவே மாண்டவர் இடத்தை நிரப்ப ஆளில்லை. களத்தினின்றும் பிழைத்தோடியோரைத் தண்டிக்கும் பழஞ்சட்டத்தை அகிசிலாஸ் மன்னன் அவ்வொருமுறை செயற்படாது நிறுத்த வேண்டியதாயிற்று. கி. மு. 369 இல் எப்பமினொண்டாஸ் மெசீனியாவை விடுவித்தபோது, வீரனுக்கு உணவளித்த நிலத்தின் பெரும்பகுதியும் உழுத மக்களும் ஸ்பார்ட்டாவின் கையை விட்டுப் போயினர். பிறர் அடிமைத்தனத்தின்மேல் எழுப்பிய வீரம், அவ்வடிமைத்தளை அறுந்தவுடன் தளர்ந்தது.

அவ்வாறாயின் புனிதப் படையே மேம்பட்டதெனத் தீர்ப்பளிக்கலாமோ? அதுவும் பொருந்தாது. இளமையில் தீப்ஸிற் பிணையாய் இருந்து அந்நகரின் போர்முறையைக் கண்டவன் மக்கெடோனிய மன்னன் பிலிப்பு. அவன் தன் காலாட்படைக்கு நெடு வேல்களை அளித்து, குதிரைப்படையோடு இணைத்துப் போரிடப் பயிற்றினான். கி. மு. 338 இல் கைரோனியாவில் அவ்வேல்களின் முன் புனிதப் படையினர் புறங்காட்டாது நின்று மடிந்தனர். அங்குள்ள கற்சிங்கத்தின் அருகே 1880 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அகழ்வில் 254 எலும்புக்கூடுகள் ஏழு வரிசையாகக் காணப்பட்டன. அவை இவ்வீரருடையனவே எனப் பலரும் கருதுவர். அவர்தம் வீரம் குறைந்திலது. பெலோப்பிடாசும் எப்பமினொண்டாசும் முன்னரே மறைந்தமையால் அவ்வீரத்தைப் புதுமுறையிற் செலுத்துவார் இல்லை.

இவற்றால் ஓருண்மை புலனாகும். பயிற்சியும் அஞ்சாமையும் இரு படைக்கும் பொதுவே. அவற்றின் பயனை வரையறுத்தவை வேறு: வீழ்ந்தவன் இடத்தை நிரப்பவல்ல சமுதாயம் ஒன்று; காலத்துக்கேற்பச் சிந்திக்கும் தலைமை மற்றொன்று. முன்னதின்றி ஸ்பார்ட்டா தளர்ந்தது. பின்னதின்றிப் புனிதப் படை அழிந்தது. வீரரைப் புகழ்தல் எளிது. அவ்வீரம் எதன்மேல் நிற்கின்றதென வினவுதலே வரலாறு கற்பார் கடனாம்.