ஈடு

‘இடு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் ‘ஈடு’. படு பாடானதும், சுடு சூடானதும் இவ்வாறே. ஒப்பு, பதிலாக வைப்பது, அடகு என்பன இதன் பொருள்கள். சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தெலுங்கிலும் ‘ஈடு’ ஒப்பைக் குறிக்கும். பொருத்தமான இணையை ‘ஈடு ஜோடு’ என்பார்கள். காப்பீடு, இழப்பீடு இரண்டிலும் நிற்பது இச்சொல்லே.

பொதுக் காப்பீட்டின் அடிப்படையும் இதுதான்: இழந்ததற்கு ஒப்பானது கிடைக்கும், அதற்குமேல் லாபம் கிடையாது. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளம் சூழ்ந்தது. அதுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர், வழக்கமான பாலிசியில், மாற்றும் பாகங்களின் புது விலையில் தேய்மானத்தைக் கழித்தே ஈட்டைக் கணக்கிடுவார்.

பொருளின் மதிப்பைவிடக் குறைத்துக் காப்பீடு செய்தால் ஈடும் அதே விகிதத்தில் குறையும். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்று கொள்வோம். அதை 6 லட்சத்துக்கே காப்பீடு செய்திருந்து, தீயில் 2 லட்சத்துக்குச் சரக்கு அழிந்தால், இந்த விகித விதிப்படி 1.2 லட்சம்தான் வரும். சர்வேயராக விரும்பும் இளைஞர்கள் முதலில் கைவரப்பெற வேண்டிய கணக்கு இது. பாலிசி எடுப்பவரோ முழு மதிப்பையும் சொல்லிவிடுவதே நல்லது.