கேட்காவும் டோனாவூரும்

கசார்வாடி நிலையத்தில் நிற்பவை புனே–லோனாவாலா லோக்கல்கள். மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் ரயில்கள் இங்கே நிற்பதில்லை, ஓசையோடு கடந்துவிடும். அந்த ரயில் புனேயைத் தாண்டி, தவுண்டு வருவதற்கு முன் கேட்காவ் என்ற சிற்றூரைக் கடக்கும். பண்டித ரமாபாய் முக்தி இல்லத்தை நிறுவிய ஊர் அது. பிறகு சோலாப்பூர், குண்டக்கல், மதுரை, நெல்லை என்று ஓடி, பயணம் முடியும் தறுவாயில் நாங்குநேரியையும் வள்ளியூரையும் தொடும். அங்கிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது மிஷனரி ஏமி கார்மைக்கேலின் டோனாவூர். ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த இவ்விருவரையும் நான் சேர்த்தே படித்து வருகிறேன். காரணம், இந்தப் பகுதியின் தமிழ்ச் சபைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு சொல்: தேவசித்தம்.

கம்பெனி வேலையை நம்பிப் பிம்ப்ரி–சிஞ்ச்வடுக்கு வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. வேலை போகும், மாற்றல் வரும், ஊரில் பாதி கட்டிய வீடு அப்படியே நிற்கும். வீட்டு ஜெபக்கூட்டத்தில் யாராவது ஒருவர், “எல்லாம் தேவசித்தம் தம்பி, இதைவிட நல்லதை ஆண்டவர் வைத்திருக்கிறார்” என்பார். அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் கடவுளின் இறையாண்மையை நம்புவதும், அவர் ஏன் இப்படிச் செய்தார் என்று நாமே விளக்கம் சொல்வதும் ஒன்றல்ல. இவ்விரு பெண்களின் வாழ்க்கையையும் அருகருகே வைத்தால் அந்த வேறுபாடு தெளிவாகிறது.

1858இல் பிறந்த ரமாபாய், பஞ்ச காலத்தில் பெற்றோரை இழந்தார். 1880இல் அண்ணன் ஸ்ரீநிவாசும் இறந்தார். அதே ஆண்டில் பிபின் பிகாரி மேத்வியை மணந்தார். 1882இல் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. கைக்குழந்தை மனோரமாவோடு புனேவுக்கு வந்த ரமாபாய், மறு ஆண்டு மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். காது கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்ததால் அதுவும் கைகூடவில்லை. படிக்கப் போனவர் செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்தார். 1883இல் வாண்டேஜில் திருமுழுக்குப் பெற்றார்.

1867இல் அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறந்த ஏமி சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலையைக் காட்டிச் சீன உள்நாட்டு மிஷன் மறுத்துவிட்டது. 1893இல் ஜப்பானுக்குச் சென்றார். பதினைந்து மாதத்தில் உடல் தாளவில்லை. சிலகாலம் இலங்கையில் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பினார். 1895இல் பெங்களூருக்கு வந்ததில்கூட, அந்த ஊரின் தட்பவெப்பம் உடம்புக்கு ஏற்றது என்ற கணக்கு இருந்தது. மறு ஆண்டு மிஷனரிகளான வாக்கர் தம்பதியரோடு நெல்லைச் சீமைக்கு வந்தார்.

எதிர்பாராத மாற்றத்தை இருவரும் ஏற்ற விதத்தில்தான் முதல் வேறுபாடு தெரிகிறது. ஏமிக்குக் கீழ்ப்படிதலே முதன்மை: போகச் சொன்னால் போவது, நிற்கச் சொன்னால் நிற்பது. ரமாபாய் கேள்வி கேட்டார். வாண்டேஜின் கன்னியர் ஜெரால்டினோடு அவர் நடத்திய கடிதப் போராட்டம் பெயர்பெற்றது. திருத்துவக் கோட்பாட்டைப்பற்றி வாதாடினார். தம் மனச்சாட்சி கடவுளுக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டது, எந்தச் சபை அதிகாரிக்கும் அல்ல என்பதில் உறுதியாக நின்றார். நம்புகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எண்ணுவோர் இந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டும். கடவுளே ஆளுகிறார் என்று முழுமனதாக நம்பியதால்தான், அவர் பெயரால் ஆள வந்த மனிதர்களை எதிர்த்து ரமாபாயால் நிற்க முடிந்தது.

இருவர் வாழ்க்கையின் பெரிய திருப்பமும் குழந்தைகளால் வந்தது. 1889இல் பம்பாயில் ரமாபாய் தொடங்கிய சாரதா சதன், விதவைப் பெண்களின் கல்விக்கானது. அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது. மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்து, 1893இல் பல பெண்களை வீட்டார் அழைத்துப் போய்விட்டனர். சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பள்ளிக்கு நிலையான வருமானம் வேண்டும் என்று கேட்காவில் பழத்தோட்டத்துக்காக நிலம் வாங்கினார் ரமாபாய். 1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியபோது அங்கே போய், பட்டினியில் கிடந்த சிறுமிகளையும் இளம்பெண்களையும் அழைத்து வந்தார். அப்போது புனேயில் பிளேக். நகருக்குள் இத்தனை பேரைத் தங்கவைக்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. மரம் நடுவதற்கென்று வாங்கிய நிலத்தில் கூடாரம் அடித்தார். அதுவே முக்தி இல்லமாயிற்று. சில ஆண்டுகளில் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

ஏமியின் திருப்பம் ஒரே ஒரு சிறுமியோடு தொடங்கியது. பெண்கள் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்று நற்செய்தி சொல்வதே அவர் திட்டம். சிலகாலம் டோனாவூரில் தங்கிவிட்டு, 1901 மார்ச் தொடக்கத்தில் தங்கள் பழைய இருப்பிடமான பண்ணைவிளைக்குத் திரும்பினார்கள். மார்ச் 7ஆம் தேதி, கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். ஏமி திரும்பி வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதன்பின் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தனர். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா? தாம் அழைக்கப்பட்ட பணி இதுதானா என்று ஏமியும் தயங்கினார். பிறகு பயணத்தை விட்டு, டோனாவூரிலேயே தங்கி, பால் காய்ச்சும் வேலையில் இறங்கினார்.

நம் சபைகளில் சாட்சியாகச் சொல்லப்படுவது இந்த இரண்டு கதைகளும்தான். ஒரே நாள் முந்தியிருந்தால் அந்தச் சிறுமி ஏமியைக் கண்டிருக்க மாட்டாள். அந்த நிலம் வாங்கப்படாமல் இருந்தால் பஞ்சத்துப் பெண்களுக்கு இடமிருந்திருக்காது. இவற்றில் கடவுளின் கையைக் காண்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கையோடுதான் காண்கிறேன். கேட்காவ் எழ வேண்டும் என்பதற்காகப் பஞ்சம் வந்தது என்று சொல்ல எனக்கு நா எழாது. இளம் வயதில் பஞ்சத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவர் ரமாபாய். மத்திய மாகாணத்தின் சாலையோரத்தில் கிடந்த பெண்களிடம் அவர் போனது விளக்கத்தோடு அல்ல, உணவோடு. 

1919இல் இருவருக்கும் பிரிட்டிஷ் அரசின் கெய்சர்–இ–ஹிந்த் பதக்கம் அறிவிக்கப்பட்டது. பின்னால் பார்க்கிறவருக்கு எல்லாம் கூடிவந்துவிட்டது போலத் தோன்றும் ஆண்டு. என் ஒப்பீட்டின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான்.

1931 அக்டோபர் 24ஆம் தேதி, களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன ஏமி, இருட்டில் புதிதாக வெட்டிய குழியில் விழுந்தார். கால் முறிந்தது. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அவர் தம் அறையிலேயே இருந்தார். இதற்கு 1901இன் கதைபோல ஒரு முடிச்சவிழ்ப்பு இல்லை. அந்த அறையிலிருந்து பல நூல்கள் வந்தன என்பது உண்மை. ஆனால் நூல்களுக்காகத்தான் கால் முறிந்தது என்று நான் எழுதமாட்டேன். 1933இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் ப்ரையர்’ என்ற நூலை நோயாளியாகவே இருந்து நோயாளிகளுக்காக எழுதினார். நல்ல உடம்போடு இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல்கள் தமக்கு எட்டவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். தேவசித்தத்தை அவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்தவர் சொன்னது இது. அவசர ஆறுதல் சொல்கிற நம்மில் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ரமாபாயின் இழப்பு இன்னும் கொடியது. தமக்குப்பின் முக்தியை நடத்த வேண்டியவள் என்று அவர் வளர்த்த மகள் மனோரமா, 1921 ஜூலையில் நாற்பது வயதில் இறந்தார். எல்லா மரணங்களுக்கும் பின் மிஞ்சியிருந்த ஒரே உறவு. அடுத்து யார் என்பதற்கு வைத்திருந்த திட்டம், அறுபத்து மூன்று வயதில் கையை விட்டுப் போனது. இந்த மாற்றத்துக்கு ஈடாக எதுவும் வரவில்லை. வாதாடிப் பழகிய ரமாபாயும் கீழ்ப்படிந்து பழகிய ஏமியும் இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: காரணம் தெரியவில்லை, ஆண்டவர்மேல் வைத்த நம்பிக்கையும் போகவில்லை. வாக்குவாதமோ மௌனமோ அவரவர் சுபாவம். இந்த நிலையைத்தான் நான் விசுவாசம் என்கிறேன்.

மகளை இழந்தபோது ரமாபாயின் கையில் ஒரு வேலை பாக்கி இருந்தது. எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து விவிலியம் முழுவதையும் எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தார். படிப்புக் குறைந்த பெண்களும் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். மனோரமா போன பிறகும் அதை நிறுத்தவில்லை. மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5ஆம் தேதி காலமானார். முக்தியின் சொந்த அச்சகத்தில், அங்கு வாழ்ந்த பெண்களின் கைகளால் அச்சாகி, அந்த விவிலியம் 1924இல் வெளிவந்தது.