உம்பளச்சேரி மாடுதானா? காலைப் பாருங்க... கண்டுபிடிச்சிடலாம்!

வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வருது. செவலைக் கன்னுக்குட்டி, 'ஒரிஜினல் உம்பளச்சேரி'ன்னு கேப்ஷன். "உம்பளச்சேரி சாம்பல் கலர்தானே, இது டூப்பு"ன்னு உடனே தள்ளிவிட்டுடாதீங்க. உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது சிவப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். 6 முதல் 8 மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிடும்.

ஆனா, கலரை மட்டும் நம்பி வாங்குறதும் ஆபத்துதான். காங்கேயம் கன்றும் சிவப்பாப் பிறந்து சாம்பலாகும். ஜெர்சி கலப்புக் கன்றும் செவலையா இருக்கும். அதனால முதல்ல கீழே பாருங்க. உம்பளச்சேரிக்கு நாலு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை இருக்கும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வால் குஞ்சத்திலும் கொஞ்சம் வெள்ளை. இந்த அடையாளங்கள் கன்றிலேயே தெரியும். வளர்ந்த பிறகும் மறையாது.

நாகப்பட்டினம் மாவட்டம் தலைஞாயிறு பக்கத்தில் இருக்கிற உம்பளச்சேரிதான் இதன் சொந்த ஊர். தஞ்சாவூர் மாடு, தெற்கத்தி மாடு, மொட்டை மாடு என்றும் சொல்வாங்க. கடைசிப் பெயருக்குக் காரணம், காளைகளுக்குச் சின்ன வயசிலேயே கொம்பைத் தீய்த்துவிடுகிற பழைய வழக்கம். எனவே கொம்பில்லாத உழவு மாட்டைப் பார்த்து 'இனம் தப்பு'ன்னு நினைக்க வேண்டாம். பசுவின் கொம்பும் சிறுசுதான். காங்கேயம் மாதிரி ஓங்கி வளராது.

உடம்பும் குள்ளம். பசு சுமார் மூன்றரை அடி உயரம்தான். குட்டையான, உறுதியான கால், கெட்டியான குளம்பு. டெல்டா வயலில் முழங்கால் சேற்றில் புதையாமல் உழவும் பரம்படிக்கவும் இந்த உடம்புதான் கைகொடுத்தது. டிராக்டர் வந்ததும் அந்த வேலை போச்சு. நிறைய பால் தரும் கலப்பின மாடுகள் தொழுவத்தில் இடம் பிடிச்சிடுச்சு. உம்பளச்சேரி ஒரு நாளைக்குத் தருவது சுமார் 2 லிட்டர்தான். '10 லிட்டர் கறக்கும் சுத்த உம்பளச்சேரி'ன்னு யாராவது சொன்னா, சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க!

தொடையில் சூடு போட்ட தழும்பைக் காட்டி "இதுதான் இன முத்திரை"ன்னு சொன்னாலும் நம்பாதீங்க. எந்த மாட்டுக்கும் சூடு போடலாம்.

கன்று வாங்குறதா இருந்தா, நாலு காலும் வால் நுனியும் தெரியுற மாதிரி வீடியோ கேளுங்க. தாய்ப்பசுவையும் காட்டச் சொல்லுங்க. ஜெர்சி கலப்பில் திமில் அமுங்கிப்போயிருக்கும். அது கன்றில் சரியாத் தெரியாது, தாயிடம் பளிச்சுனு தெரியும். நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கணும்னா, திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் இந்த இனத்தை வளர்க்கும் அரசு கால்நடைப் பண்ணை இருக்கு.