எதிர்க்கட்சி வரிசையில் ஒரு சட்டத்தரணி: நீதிக்கான விவாதங்களில் எம்.ஏ. சுமந்திரன்

நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இளைஞர்கள் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "அப்போது பாராளுமன்றத்தில் நமக்காகப் பேச யார் இருந்தார்கள்?" நான் சொல்லும் பெயர்களில் ஒன்று அவர்களுக்கு வியப்பைத் தருகிறது. அவர் முஸ்லிம் அல்லர். முஸ்லிம் வாக்குகளை நம்பி அரசியல் செய்தவரும் அல்லர். மெதடிஸ்த கிறிஸ்தவரான அவர், யாழ்ப்பாணத் தமிழ் வாக்காளர்களின் பிரதிநிதியாக இருந்தவர். ஜனாதிபதி சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன்தான் அவர்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் அவர் தோல்வியடைந்தார். பதினான்கு வருடங்களுக்கும் மேலாகப் பாராளுமன்றத்தில் அவர் செய்தவற்றில் நீதியோடும் நமது சமூகத்தோடும் தொடர்புடையவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைப்பது பயன்தரும் என நினைக்கிறேன். இதைப் புகழ்மாலையாக எழுதவில்லை. அவரோடு நாம் முரண்படும் இடங்களையும் மறைக்கப் போவதில்லை.

பாராளுமன்றப் பிரவேசம்

2010ஆம் ஆண்டு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தேசியப் பட்டியல் மூலம் சுமந்திரன் பாராளுமன்றம் சென்றார். 2015இலும் 2020இலும் யாழ். மாவட்டத்தில் போட்டியிட்டு மக்கள் வாக்கால் தெரிவானார். இக்காலம் முழுவதும் அவர் எந்த அமைச்சுப் பதவியையும் வகிக்கவில்லை. 2015இல் அமைந்த பாராளுமன்றத்தில் அரசாங்க நிதி பற்றிய குழுவின் தலைவராகப் பணியாற்றினார். புதிய அரசியலமைப்பை வரைவதற்கான வழிநடத்தல் குழுவிலும் அங்கம் வகித்தார்.

அவர் பாராளுமன்றம் சென்ற சில மாதங்களிலேயே 18ஆவது திருத்தம் வந்தது. ஒருவர் எத்தனை தடவையும் ஜனாதிபதியாகலாம் என்று வழிதிறந்த அத்திருத்தம், சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான நியமனங்களையும் ஜனாதிபதியின் கைக்குக் கொண்டுபோனது. 2010 செப்டம்பர் 8ஆம் திகதி 161 வாக்குகளால் அது நிறைவேறியது. எதிராக விழுந்தவை 17 வாக்குகள் மட்டுமே. கூட்டமைப்பு எதிர்த்தது. எதிர்க்கட்சியில் தெரிவாகியிருந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஆதரவாகக் கையுயர்த்தியது. அது தவறு என்று அக்கட்சித் தலைமையே பின்னாளில் ஒப்புக்கொண்டது.

ஜனாஸா எரிப்பும் மூன்று களங்களும்

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றால் மரணிக்கும் எவரையும் தகனம் செய்தே ஆகவேண்டும் என்றது. இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். ஆனாலும் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்த ஒழுங்குவிதி ஆக்கப்பட்டது. பிறந்து இருபது நாட்களேயான குழந்தையின் ஜனாஸா கூட தப்பவில்லை. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் கஃபன் துணியின் நினைவாக வெள்ளைத் துண்டுகளைக் கட்டிச் சென்றதை நாம் மறக்க முடியாது.

முதற்களம் நீதிமன்றம். இந்த ஒழுங்குவிதிக்கு எதிராக முஸ்லிம்களும் ஏனையோரும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். மனுதாரர்கள் சிலருக்காக சுமந்திரன் ஆஜரானார். ஃபாயிஸ் முஸ்தபா போன்ற மூத்த ஜனாதிபதி சட்டத்தரணிகளும் இவ்வழக்குகளில் வாதிட்டனர். மத சுதந்திரத்தை உறுதிப்படுத்தும் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும், அதனைப் பின்பற்றி ஒழுகும் உரிமையைத் தரும் 14(1)(உ) உறுப்புரையும் வாதத்தின் அடித்தளமாயின. 2020 டிசம்பர் 1ஆம் திகதி, மனுக்களை விசாரணைக்கு எடுக்க அனுமதி மறுத்து, பெரும்பான்மைத் தீர்ப்பாக, காரணம் கூறாமலே நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது.

இரண்டாவது களம் பாராளுமன்றம். நீதிமன்றக் கதவு மூடப்பட்ட பின்னரும் சுமந்திரனும் மட்டக்களப்பு உறுப்பினர் இரா. சாணக்கியனும் சபையில் இவ்விடயத்தை விடாமல் எழுப்பினர். பெருந்தொற்றை 1897ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைக் கொண்டு கையாளக்கூடாது, பாராளுமன்றத்தின் மேற்பார்வை உள்ள புதிய சட்டம் வேண்டும் என்பது சுமந்திரனின் நிலைப்பாடு. பொதுச் சுகாதார அவசரநிலை தொடர்பான சட்டமூலமொன்றைத் தனிநபர் பிரேரணையாகவும் அவர் முன்வைத்தார். ஓர் அதிகாரியின் ஒப்பத்தோடு ஒரு சமூகத்தின் கடைசிக் கடமை பறிபோக முடிந்தது எப்படி என்ற கேள்விக்கு அது சட்டரீதியான பதிலாக இருந்தது.

மூன்றாவது களம் வீதி. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் ஆரம்பித்து 7ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்த பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்தவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. முன்னின்று நடந்தவர்களில் சுமந்திரனும் ஒருவர். கிழக்கில் நமது மக்களும் அப்பேரணியில் இணைந்தார்கள். அதன் பின் அவருக்கு வழங்கப்பட்டிருந்த விசேட அதிரடிப்படைப் பாதுகாப்பு நீக்கப்பட்டது.

பெப்ரவரி 10ஆம் திகதி, அடக்கம் செய்ய அனுமதிக்கப்படும் என்று அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ சபையில் சொன்னார். மறுநாளே அரசாங்கத் தரப்பு நிபுணர் குழுவைக் காரணம் காட்டிப் பின்வாங்கியது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன கையோடு, பெப்ரவரி இறுதியில்தான் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இந்த வெற்றியை ஒருவர் கணக்கில் எழுத முடியாது. வெளிநாட்டு அழுத்தமும் ஜெனிவாவும் அதில் பங்கெடுத்தன. ஆனால் இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பதிவுசெய்தாக வேண்டும். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எதிர்க்கட்சியில் தெரிவான நமது உறுப்பினர்களில் பலர் ஆதரித்து வாக்களித்தார்கள். ரவூப் ஹக்கீம் எதிர்த்தார், அவரது கட்சியின் ஏனைய உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். ஜனாஸா விடயத்தில் சலுகை கிடைக்கும் என்ற நம்பிக்கை அப்போது பேசப்பட்டது. வாக்கு போனது. எரிப்பு மேலும் நான்கு மாதங்கள் தொடர்ந்தது.

பயங்கரவாதத் தடைச்சட்டம்

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டம் நெடுங்காலம் தமிழ் இளைஞர்களின் தலைக்கு மேல் தொங்கிய வாள். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின் அது நம் பக்கமும் திரும்பியது. அமைச்சரின் உத்தரவில் மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்க அச்சட்டம் இடமளித்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாக ஏற்கப்பட்டது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரல் முதல் 2022 பெப்ரவரி வரை உள்ளே இருந்தார். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ஒரு கவிதை நூலுக்காக 2020 மே மாதம் கைதாகி, பத்தொன்பது மாதங்களின் பின் பிணையில் வந்தார். 2023 இறுதியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இழந்த மாதங்களைத் திருப்பிக் கொடுப்பார் யாருமில்லை.

2022 மார்ச்சில் அரசாங்கம் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து தடுப்புக் காலத்தைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. இச்சட்டம் முற்றாக நீக்கப்பட வேண்டும் என்பதே சுமந்திரனின் வாதம். அவரது கட்சியின் வாலிபர் முன்னணி தொடங்கிய கையெழுத்துப் போராட்டத்தை, அதே ஆண்டு செப்டம்பரில் காங்கேசன்துறையிலிருந்து ஹம்பாந்தோட்டை வரை கொண்டுசெல்வதில் அவர் முன்னின்றார். தெற்கின் சிங்கள நண்பர்களும் கையெழுத்திட்டார்கள். வடக்கின் பிரச்சினையாகவே பார்க்கப்பட்ட ஒன்றை நாட்டின் பிரச்சினையாக்கும் முயற்சி அது.

2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் அவரது வழி இதுவே. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எடுத்துக்காட்டி, நீதிமன்றத்தையும் நாடினார். சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தைக் கேள்விக்குட்படுத்த முடியாது என்ற அடிப்படையில் மனு தள்ளுபடியானது. தோற்றார், ஆனால் எந்த வாசல் ஏன் மூடியிருக்கிறது என்பது பதிவாகிவிட்டது.

1990: தன் மக்களிடம் சொன்ன சொல்

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் தரப்பட்டது. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்களில் பலருக்குப் புத்தளம் அகதி முகாம்தான் அடுத்த வீடு. பல ஆண்டுகளாகத் தமிழ் அரசியல்வாதிகளிடம் நாங்கள் கேட்டது காணியையும் வீட்டையும் மட்டுமல்ல. நடந்தது என்ன என்று சொல்லுங்கள் என்றும் கேட்டோம். "துன்பியல் சம்பவம்" என்று சொல்லிக் கடந்து போனார்கள்.

அது இனச்சுத்திகரிப்பு என்று சுமந்திரன் வெளிப்படையாகச் சொன்னார். அதற்காகத் தமிழர் தரப்பிலிருந்தே கடும் விமர்சனங்களை எதிர்கொண்டார். ஆயினும் தன் கருத்தை மீளப் பெறவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் பெறுமதி வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியுமோ தெரியாது. 2020இல் அவர் ஜனாஸாவுக்காக நீதிமன்றில் எழுந்தபோது நான் அவரை நம்பியதற்குக் காரணம் அதுதான். தன் சமூகம் செய்த அநியாயத்தை ஒப்புக்கொண்டவர் பிறர் செய்யும் அநியாயத்தைப் பற்றிப் பேசும்போது அதற்குக் கனம் இருக்கிறது.

நமது முரண்பாடுகள்

எல்லாவற்றிலும் அவரோடு உடன்பட முடியாது. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் அவர் தமிழ்த் தரப்பின் பக்கமே நின்றார். வடக்கு கிழக்கு இணைப்பில் அவரது கட்சியின் கோரிக்கை கிழக்கு முஸ்லிம்களின் அச்சத்தைத் தீர்க்கவில்லை. 2015 முதல் நல்லாட்சி அரசாங்கத்துக்குக் கூட்டமைப்பு கொடுத்த ஒத்துழைப்பின் காலத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டம் நீக்கப்படவில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. மறுபுறம், 2015இல் கிழக்கு மாகாண சபையில் 11 ஆசனங்களை வைத்திருந்த கூட்டமைப்பு, 7 ஆசனங்கள் கொண்ட முஸ்லிம் காங்கிரஸின் முதலமைச்சரை ஏற்றுக்கொண்டதும் வரலாறுதான்.

நாம் கேட்கவேண்டியவை

எண்ணிக்கை இல்லாத எதிர்க்கட்சி உறுப்பினரால் சட்டமூலத்தைத் தோற்கடிக்க முடியாது. ஆனால் சட்டமூலத்தை வாசித்து அதன் எந்த வாசகம் யாரைப் பாதிக்கும் என்று சபையில் சொல்ல முடியும். ஹன்சாட்டில் பதியவைக்க முடியும். நீதிமன்றம் போகலாம். தனிநபர் சட்டமூலம் கொண்டுவரலாம். இவற்றுக்கு அமைச்சுப் பதவி தேவையில்லை, உழைப்புத்தான் தேவை.

எனவே, அடுத்த தடவை உங்கள் பிரதேச உறுப்பினர் ஊருக்கு வரும்போது, வீதியையும் மைதானத்தையும் பற்றிக் கேட்பதோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். பயங்கரவாதத் தடைச்சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்படும் சட்டமூலங்களை வாசித்தீர்களா? நமக்கல்லாத ஒரு சமூகத்துக்கு அநியாயம் நடந்தபோது சபையில் எப்போது எழுந்தீர்கள்?

இரண்டாவது கேள்வி நம்மையும் பார்த்துக் கேட்கப்படுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரிடம் நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது போயிருக்கிறோம்? உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது நமது மார்க்கத்தின் கட்டளை. அதை நிறைவேற்றும் மனவலிமையை அல்லாஹ் நமக்கும் நமது பிரதிநிதிகளுக்கும் தந்தருள்வானாக.