வேய்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு செங்கம் வழியாகக் கிழக்கே போகிறது. சங்கப் பாட்டான மலைபடுகடாம் இந்த ஆற்றைச் சேயாறு என்றும் ஊரைச் செங்கண்மா என்றும் சொல்லும். அரசன் நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழிசொல்லும் அந்தப் பாட்டில், மூங்கிலைக் குறிக்கும் வேய் என்ற சொல் உண்பொருளோடு வருகிறது. தேனில் செய்த கள்ளை ஊற்றி விளையவைத்த குழாய் வேய். அவரை விதை சேர்த்த புளிங்கூழில் விழுந்த அரிசியும் வேயினுடையது.

இரண்டுக்கும் உரியது பெருமூங்கில். அதன் தண்டு பொள்ளலானது. கல்மூங்கிலோ வறண்ட சரிவில் ஏறக்குறையக் கெட்டியாகவே விளையும்; தடிக்கு ஆகும், குழாய்க்கு ஆகாது. பெருமூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, அரிசி கொடுத்து, மடிந்துவிடும்.

தண்டின் பொள்ளலே வேய் என்ற சொல்லை வளர்த்தது. மூங்கிலின் பெயர் துளைக்கும், துளையின் பெயர் இசைக்குழலுக்கும் ஏறியது. வேய்ங்குழல் அதற்குச் சான்று. சீனரும் இசைக்கருவிகளை எட்டுப் பொருளாக வகுத்தபோது குழல் இனத்தை மூங்கில் என்றே அழைத்தனர். புலவர்கள் வேயைத் தோளுக்கு உவமை சொன்னது வேறு காரணத்தால்: கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலான வழவழப்பும் திரட்சியும்.

அதே கணுவிடையைச் சீன ஓவியர் மையில் பிடித்தனர். விளக்குப் புகைக்கரியையோ பைன்மரக் கரியையோ பசையில் பிசைந்து உலர்த்திய கட்டியை, நீர்விட்டுக் கல்லில் இழைப்பார்கள். தூரிகையை அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்து, கணு வரும் இடத்தில் நிறுத்தி, சிறு இடைவெளி விட்டு மறுபடி இழுப்பார்கள். புறக்கோடு வரைவதில்லை, ஒரே இழுப்பில் தண்டு நிற்க வேண்டும், திருத்த இடமில்லை. 11ஆம் நூற்றாண்டின் ஓவியர் வென் டோங் இலையின் முன்புறத்துக்கு அடர்மையும் பின்புறத்துக்கு வெளிர்மையும் இட்டவர். தமிழில் இதற்கு ஈடான மூங்கில் ஓவிய மரபு இல்லை. அந்தக் கவனம் இங்கே சொல்லில்தான் இறங்கியது. கழை, அமை, பணை, வெதிர் என இத்தனை பெயர்கள் அதனால்தான் நிற்கின்றன. நன்னனின் நவிரமலையைக் கழை வளரும் மலை என்கிறது மலைபடுகடாம்.

இவற்றில் வெதிர் தெலுங்கில் வெதுரு, கன்னடத்தில் பிதிரு என்று இன்றும் வழங்குகிறது. கழை, கழைக்கூத்தாடியின் கம்பில் இருக்கிறது. வேய் பேச்சிலிருந்து போய்விட்டது; மூங்கில் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனாலும் சம்பந்தரின் கோளறு பதிகம் வேய் என்றுதான் தொடங்குகிறது. அதை ஓதுவோர் நாள்தோறும் அந்தச் சொல்லை உச்சரிக்கிறார்கள்.